தீர்ந்த சீட்டு

"ஒருவருக்கு ஒரு வாக்கு என்கிறது சட்டம்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினால்
மூன்று வாக்கு ஆகாதா, திருமதி ஹௌகன்?"

மினசோட்டாவில் ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே
ஏரியின் மேல் லாரி ஓட்டுகிறார்கள்.
சாட்சிக் கூண்டில் நான், நகர எழுத்தர்,
பூட்ஸிலிருந்து பனி உருகிச் சொட்ட.

பதினொரு வாக்கில் தோற்ற வோஸ்னியாக்
முன்வரிசையில் தொப்பியைப் பிசைகிறார்.
முதல் சுற்றில் முந்தியவர் அவர்தான்.
தூண்டில் கடை மார்கிட் விழுந்ததும்
அவள் சீட்டுகளெல்லாம்
அவரைத் தாண்டிப் போய்விட்டன.

எனக்கு நினைவிருப்பது வேறொரு சீட்டு.
ஒரே பெயர். அழுத்திய அழுத்தில்
தாள் கிழிந்திருந்தது.
மற்ற கட்டங்கள் காலி.
பெயர் விழ, சீட்டும் தீர்ந்தது.
நானே முத்திரை குத்தினேன்.

அது என் சீட்டு.

நூலகத்தில், தேவாலய நிலவறையில், மூன்று மாதம்
வரிசைப்படுத்தக் கற்றுக்கொடுத்தவள்.
ஊருக்குத்தான் உபதேசம்.

நீதிபதி மறுபடி கேட்கிறார்.

"ஒரு வாக்குதான், ஐயா.
தன் ஆள் விழுந்தால் எழுந்து
அடுத்த வாசலுக்கு நடக்கும்.
சிலது நடக்காது."

இரு தரப்பு வழக்கறிஞர்களும்
'ஒரு' என்ற சொல்லை
அடிக்கோடிடுகிறார்கள்.