கறுப்பு இன்னும் கறுப்பாக

ரோலா சந்தில் பத்துத் திர்ஹாம்.
அட்டையில் ஒரு கோட்டை, மெழுகுவர்த்தியோடு ஒருத்தி.
பழைய பிரதியைக் கழுவிச் சீராக்கியிருக்கிறோம்,
கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும் என்று
பின்பக்கத்தில் சத்தியம் செய்திருந்தார்கள்.

சஜா, அறை இருநூற்றுப் பதினான்கு, வியாழன் இரவு.
எட்டுக் கட்டில், ஒரு டிவி,
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி.
ஷார்ஜா முழுக்க ஏசி பழுது பார்க்கிறவன் நான்.
என் அறையில் இதுதான் நிலவரம்.

கீழே அரபி எழுத்து மட்டும் ஓடியது.
கீழக்கரை செய்யது நைனா
ஒரு வரி விடாமல் கணீரென்று வாசித்தார்.
அர்த்தம் என்ன பாய் என்றால்
'வாசிக்கத்தான் தெரியும்' என்றார்.
பிரபு முனக, மணப்பெண் அலற,
நைனா நிறுத்தி நிதானமாக வாசிக்க,
ஒரு சொல்லும் புரியாமல்
எல்லாருக்கும் கதை விளங்கிவிட்டது.

கலியமூர்த்தி கொத்தனார் முகங்களைப் பார்க்கவே இல்லை.
'ஈரம் ஏறி உப்புப் பூத்திருக்கு பாரு சுவத்துல.
பேய் இருக்கட்டும் போகட்டும்,
அந்த வளைவு இன்னும் ரெண்டு மழை தாங்காது.'
பிறகு, கொஞ்சம் பொறாமையோடு:
'அவ்வளவு பெரிய ரூம்ல ஒருத்தன் மட்டும் படுத்திருக்கான்யா.'

எனக்குப் பிடித்தது பனிமூட்டம்.
கசிந்த கேஸ் மாதிரி தரையோடு தரையாக வந்தது.
ஜூலை மாதத்தில் முதுகு சில்லிட்டது,
பயத்திலா சுகத்திலா என்று கேட்காதீர்கள்.

டேக் பகதூர் பாதியில் வந்தான், காவல் உடுப்போடு.
கதவு தானாகத் திறந்தபோது அவன் மட்டும் சிரித்தான்.
பன்னிரண்டு மணி நேரம் கதவைப் பார்த்து நிற்கிறவன்,
எந்தக் கதவும் தானாகத் திறக்காது என்றான்.

தவராசா அண்ணன்தான் பேய் பக்கம்.
'வாசல்லயே நிக்குது பாருங்கோ.
அவள் கூப்பிட்டாப் பிறகுதான் உள்ள வருது.
எங்கட வீட்டுக்க வந்தவை
கேட்டுட்டே வந்தவை?'
யாரும் பதில் சொல்லவில்லை.
நைனாகூட ஒரு வரி தவறவிட்டார்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் படம் நின்றது.
நிலவறை. சவப்பெட்டி.
மூடி ஒரு சாண் தூக்கியிருக்க, இடுக்கில் நான்கு விரல்கள்.
டிஸ்கை எடுத்துக் கைலியில் துடைத்தோம்.
போட்டால், மறுபடி அதே நான்கு விரல்கள்.

அதுவரை நகம் வெட்டிக்கொண்டிருந்த தொபியாஸ்,
ஏர்போர்ட் கார்கோவில் வேலை,
தலை நிமிராமல் சொன்னான்:
'மூடி இப்படித் தொறக்காது.
ஆறு திருகாணி இருக்கும். அதுக்கு மேல சீல்.
பேரு, பாஸ்போர்ட் நம்பர், எடை.'

எடையா?

'கிலோவுக்குத்தானே காசு.'
நகத்துண்டுகளைத் தாளில் கூட்டி மடித்தான்.
'ஏத்துறதுக்கு முன்னால மூடியில ரெண்டு தட்டு தட்டுவேன்.
பழக்கம், வேற ஒண்ணுமில்ல.
இந்த மாசம் ஒம்பது பேரு.
ஒருத்தனும் திருப்பித் தட்டல.'

பற்பசை தேய்த்தால் சரியாகும் என்றார் கலியமூர்த்தி.
தேய்த்தோம். படம் தாவி விடியலில் போய் விழுந்தது.
பிரபு சாம்பலாகிக் கிடந்தான்.
எப்படிச் செத்தான் என்று
இன்றுவரை எங்கள் அறையில் ஒருவருக்கும் தெரியாது.
நூற்றுக்கு நாற்பது மார்க் என்றார் நைனா.
சுவருக்கு மட்டும் அறுபது கொடுத்தார் கொத்தனார்.
கறுப்பு மட்டும்
சொன்னபடியே கறுப்பாக இருந்தது.

மணி இரண்டிருக்கும்.
மேல்கட்டில் தகரத்தில் ரெண்டு தட்டு.
தொபியாஸ் புரண்டு படுத்தானோ என்னவோ.
நான் கீழேயிருந்து திருப்பித் தட்டினேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
வாளிக்குப் பக்கத்துக் கட்டிலிலிருந்து
இன்னொருவனும் தட்டினான்.

காலையில் இருநூற்றுப் பதினாறுக்காரன்
டிஸ்க் கேட்டு வந்தான்.
பயமா இருக்குமா என்றான்.
ஐம்பத்திரண்டாவது நிமிஷத்துல நிக்கும் என்று சொல்லி
பற்பசையையும் சேர்த்துக் கொடுத்தேன்.