சொட்டவிடு

மதியம் இரண்டரை. பாடாங் செராய் வெயில்.
ஒரு தாமான் வீட்டின் கூரைக்கடியில்
தண்ணீர்த் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு
மிதவை வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
இடுப்பில் போன் அதிர்ந்தது.
ப்ளஸ் ஒன்றில் தொடங்கும் எண்.
புதிதாய் எவனோ கடன்காரன் என்று எடுத்தால்
நீ.

ஆறு வருடத்துக்குப் பின் உன் முதல் பேச்சு:
"அம்சவேணி, தண்ணி வரல."

மன்னிப்பு என்றொரு சொல் உண்டு.
அடுத்து அதுதான் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது வின்னிபெக் என்றொரு ஊர்ப்பெயர்,
மைனஸ் முப்பத்தொன்று,
நிலவறை வாடகை, எடுக்காத வீட்டுக்காரன்,
நடுவில் உன் பல் கிட்டும் சத்தம்.
"எனக்குத் தெரிஞ்ச பைப்புக்காரி நீ ஒருத்திதான்."

யார் சொன்னார்கள் உனக்கு?
நீ போனபோது நான்
கையுறை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட்.
நீ விட்டுப்போனது
வட்டிக்காரர் மூன்று பேர், ஒரு மகள், ஒரு பைப் ரெஞ்சு.
ரெஞ்சு உடனே உதவிற்று.

பனிக்கட்டி என்றால் நான் கண்டது
பாக் மாட் கடை ஐஸ் காச்சாங்.
அப்புறம் ஒரு தீபாவளிக்கு
ஃப்ரீசரில் நீ மறந்த பீர் பாட்டில்.
விடியலில் பிளந்து கிடந்ததே,
கோழிக்கறியில் நான் கண்ணாடி பொறுக்கினேனே,
அதுதான் இது என்றேன்.
உறையும் தண்ணிக்குக் கூடுதல் இடம் வேண்டும்.
இடம் தராத பைப் வெடிக்கும்.

மெயின் வால்வு எங்கே? முதலில் அதைப் பார்த்து வை.
கசிந்தால் உடனே மூட வேண்டும்.
இப்போது குழாயைத் திற. முழுசாக.
சிங்க்கின் கீழே அலமாரிக் கதவையும் திற,
அறையின் சூடு உள்ளே போகட்டும்.
பைப்பைத் தடவிக்கொண்டே போ.
வெள்ளையாய்ப் பூத்திருக்கிறதா? அங்கேதான்.
முடி உலர்த்தி இருக்கிறதா?
"பக்கத்து அறை பிலிப்பீனோ பெண்கிட்ட இருக்கும்."
போய்க் கேள். கேட்கக் கற்றுக்கொள்.

குழாய் வாயிலிருந்து தொடங்கி
பின்னாலே போ, மெதுவாக.
நடுவில் சூடு காட்டினால்
உருகியது வெளியேற வழியின்றி முட்டும்.
லைட்டர் வேண்டாம்.
உன்னைத் தெரியும் எனக்கு. கீழே வை.

வைத்த சத்தம் கேட்டது.

நாற்பது நிமிஷம்.
வீட்டுக்கார அம்மா கீழிருந்து இருமுறை கூப்பிட்டார்.
"அடைப்பு பார்க்கிறேன் ஆன்ட்டி."
பொய் இல்லை.

பிறகு அந்தப் பக்கம் ஒரு இருமல்,
காற்று, கொஞ்சம் துப்பல்,
சட்டென்று தண்ணீர்.
அழுதாயா என்னவோ,
அந்த இரைச்சலில் தெரியவில்லை.

"ராத்திரி குழாயை மூடாதே.
நூல் கனத்துக்குச் சொட்டவிடு.
நகர்கிற தண்ணி லேசில் உறையாது."
சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.
சொட்டுகிற குழாயை இறுக்கித்தான்
ஆறு வருடமாய் இந்த வீட்டில் உலை கொதிக்கிறது.
வாஷர் முப்பது காசு, கூலி நாற்பது ரிங்கிட்,
மகளின் பள்ளி பஸ், வட்டிக்காரரில் இரண்டு பேர்.

"எத்தனை நாளைக்கு?"
"குளிர் முறிகிற வரைக்கும்."

"அம்சா, அன்னிக்கு நான்..."
"எழுபது ரிங்கிட்," என்றேன்.
"ராத்திரி வேலைக்கு நூறு.
அங்கே இப்போது ராத்திரிதானே."
வைத்துவிட்டேன்.

கீழே இறங்கிக் கை கழுவக் குழாயைத் திறந்தேன்.
கொதித்தது.
கொஞ்சம் ஓடவிட்டேன்.

வியாழக்கிழமை கணக்கில் முன்னூறு விழுந்திருந்தது.
இருநூற்றைத் திருப்பி அனுப்பினேன்.
ரசீதுப் புத்தகத்தை எடுத்து,
மற்றவர்களுக்கு எழுதுவதுபோலவே எழுதினேன்:
பைப், உறைந்தது, ஒன்று.