இடது மேல், வலது கீழ்

பாய் விரிக்கக் கற்றுக்கொள்ள
என்னை ஈப்போவுக்கு அனுப்பினார்கள், மூன்று நாள்.
சாப்பாடும் பஸ் காசும் கம்பெனி கணக்கு.

கோரையின் ஓட்டத்தோடு துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது.
விளிம்புப் பட்டையில் கால் படக்கூடாது.
மெத்தை போடும்போது தலைமாடு வடக்கே வரக்கூடாது,
அது செத்தவர்களுக்கு என்றாள் மிஸ் லியூ.
ஜப்பானில் அப்படி ஒரு நம்பிக்கையாம்.
புவனாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

அங்கி கட்ட மட்டும் முழுசாக ஒரு நாள்.
இடது மேல், வலது கீழ்.
மாற்றிக் கட்டினால் அதுவும் செத்தவர்களுக்கு.

தண்ணீர் முன்பே இருந்தது.
பதினான்காம் நம்பர் செம்பனைக்குப் பின்னால்
யாரும் அடுப்பு மூட்டாமல் கொதித்துக்கொண்டு.
குலை வெட்டப் போனவர்கள்
வெங்காய வலையில் முட்டை கட்டி இறக்குவார்கள்.
ஓடை வந்து கலக்கும் இடத்தில்
மண்டோர் வீங்கின காலை இறக்குவார்.
இப்போது மூங்கில் வேலி, கல்விளக்கு
(தைப்பிங்கில் சிமெண்டில் வார்த்தது).
தரையில் படுக்க ஒரு ராத்திரிக்கு
நானூற்று எண்பது வெள்ளி.
"லயத்துல நாப்பது வருசம் படுத்தேன்,
எனக்கு எவ்வளவு பாக்கி வரும், கணக்குப் போடு"
என்கிறான் வாசல் காவல் தனராஜு.
கந்தக வாடைக்கு வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.
கட்டிப்பால் வாளியோடு வளர்ந்த மூக்கு என்னுடையது.
அதற்கு ஒன்றும் தெரிவதில்லை.

புதன்கிழமை கிள்ளானிலிருந்து நளாயினி என்று ஒருவர்.
இருவர் அறை. வந்தது ஒருவர்.
மற்றவர் எப்போ வருவாங்க என்று கேட்டது என் தப்பு.
"வரமாட்டார்" என்றார்
பேனாவைத் திருப்பிக் கொடுத்தபடி.

குளத்துக்குப் போகும் வழியில்தான் பார்த்தேன்:
வலது மேலே.
ஓடிப்போய், "அக்கா, கொஞ்சம் நில்லுங்க,
மாறிப்போச்சு, இப்படிக் கட்டினா..."
"தெரியும். சுவர்ல படம் போட்டிருக்கு."
என் கை அவர் இடுப்புக் கச்சையில் இருந்தது,
எடுக்க மறந்து.
"ஒரு ராத்திரிக்குத்தான். விடுங்க."

பதினோரு மணிக்கு ஒரு தடவை,
ஒரு மணிக்கு ஒரு தடவை
டார்ச் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.
என் வேலை இல்லை அது.
தண்ணீர்ச் சத்தம். பிறகு இருமல். பிறகு
கதவு இழுபடும் சத்தம்.

நான் கிழக்கே போட்ட மெத்தை
காலையில் வடக்கே திரும்பியிருந்தது.
பக்கத்தில் இரண்டாவது மெத்தை, அதுவும் வடக்கே,
தலையணையில் சுருக்கமே இல்லை.
அவர் குளத்தோரம் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார்,
கன்னம் சிவந்து.
பசியாறியாச்சா என்றேன், வேறொன்றும் வாயில் வராமல்.
"உப்பு இருக்கா?" என்றார்.

மத்தியானம் சலவைக்குத் துணி எண்ணும்போது
அந்த அங்கியை யூனிஃபார்முக்கு மேலேயே போட்டு
வலதை மேலே கொண்டுவந்து கட்டிப் பார்த்தேன்.
கண்ணாடி இல்லை அந்த அறையில்.
ஈரம் இன்னும் காயவில்லை, கழுத்துப்பக்கம் மட்டும்.
வெளியே லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.
பன்னிரண்டு என்று எழுதியிருந்தேன்.
எண்ணிப் பார்த்தால் பதினொன்று.