இடப்பக்கக் கண்ணாடியின் மூடி

பழைய கஞ்சில் காரின் இடப்பக்கக் கண்ணாடி மூடி.
உள்ளங்கையளவு.
பானட்டுக்கெல்லாம் ஆசைப்படாதே, இதில் தொடங்கு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
ஜெலுத்தோங்கில் டயர் கடைக்குப் பின்னால்
ஒரு மேசையும் ஒரு பிளக்கும் வாடகைக்கு எடுத்தேன்.

கார்பன் துணி சுருளாகவே கிடந்தது,
கறுப்புக் கோரைப்பாய் போல.
அதை விரிக்க ஆறு வாரம் ஆகுமென்று
யாரும் சொல்லவில்லை.
முதலில் அசலைத் தேய்க்க வேண்டும்.
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு.
உப்புத்தாளின் எண் ஏற ஏற
தண்ணீருக்குள் அதன் சத்தம் இறங்கியது.
கூரையின் ட்யூப் லைட்
வளையாமல் நெளியாமல் அதில் விழும்வரை தேய்த்தேன்.

பிறகு மெழுகு. ஏழு பூச்சு,
ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம்.
ஐந்தாவதில் தொழிற்சாலை வேன் ஹாரன் அடித்தது.
பாயான் லெப்பாஸில் இரவு முழுக்க
நுண்ணோக்கிக்குக் கீழே
பிறர் பிழைகளைத் தேடுகிறவள் நான்.
ஐந்து போதும் என்றேன்.

பதினைந்து நிமிடம் வேலை செய்யலாம் என்றது பிசின் டப்பா.
ஒன்பது என்றது ஜெலுத்தோங் வெயில்.
கோப்பை கையைச் சுட்டது, புகைந்தது,
தூரிகையை விழுங்கிக் கல்லானது.
இன்னொரு கோப்பை கலந்து எப்படியோ முடித்தேன்.

மறுநாள் அச்சு அசலை விடவில்லை.
ஆப்பு வைத்தேன். ஐஸ் தண்ணீர் ஊற்றினேன்.
ரப்பர் சுத்தியலால் கெஞ்சினேன்.
டக்.
கையில் நாலைந்து துண்டுகள்,
எது எதனுடையது என்று தெரியாமல்.
அச்சு அசல் என்கிறோமே ஒரே மூச்சில்,
நடுவே ஒன்றுமே இல்லாதது போல.
நடுவே ஏழு பூச்சு மெழுகு இருக்கிறது.

பழைய இரும்புக் கடையில்
எட்டு ரிங்கிட்டுக்கு இன்னொரு அசல் கிடைத்தது.
இந்த முறை ஒவ்வொரு பூச்சுக்கும் சுவரில் கோடு போட்டேன்.
மழை இரண்டு நாள் நின்று பெய்தது;
ஈரம் வடியக் காத்திருந்தேன்.
மின்விசிறியை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி
ஜெல்கோட் பூசினேன்.
மேலே கண்ணாடியிழைப் பாய், அடுக்கடுக்காக.
குமிழ்களை உருளையால் விரட்டினேன்.

மூன்றாம் நாள்
ஆப்பின் நுனி விளிம்பில் நுழைந்ததும்
உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.
சுளை கழன்ற மாதிரி கழன்று வந்தது.
பலாப்பழம் அறுப்பவர்கள்
கையில் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்,
அன்றைக்குத்தான் பார்த்தது போலிருந்தது.

குழிவுக்குள் என் முகம் தலைகீழாக.
விளிம்போரம் ஒரு கொசு.
எப்போது வந்து மெழுகில் உட்கார்ந்ததோ.
ஊசிமுனையால் எடுத்தேன்.
கொசு வந்துவிட்டது.
கொசு இருந்த இடம் வரவில்லை.
ஆறு கால், இரண்டு சிறகு, வளைந்த முதுகு,
எல்லாம் பள்ளமாக, அவ்வளவு துல்லியமாக.
அடைத்துத் தேய்த்தால் பத்து நிமிட வேலை.
உளியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
என் வேலைக்கு அதுதான் ஒரே சான்றிதழ்.

பிறகுதான் கார்பன்.
முதல் மூடியில் ஊசித்துளைகள்,
இரண்டாவதில் நெசவு ஒருபக்கம் இழுத்துக்கொண்டது,
மூன்றாவதை டயர் கடை பூன் லியோங்கிடம் காட்டலாம் போலிருந்தது.
பள்ளம் அதில் மேடாகியிருந்தது.
கிரீஸ் படிந்த கட்டைவிரல்
கறுப்புப் பளபளப்பில் போய் ஓரிடத்தில் நின்றது.
நியாமோக், என்றார்.
ஆமாம், கொசு.
விலையைக் குறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
வலப்பக்கத்துக்கும் இப்படிப் போடுவியா என்றார்.

வலப்பக்கத்து அசலுக்கு
இன்று ஏழாவது பூச்சு முடிந்தது.
சுவரில் கோடு போட்டாயிற்று.
விளக்கை எரியவிட்டு
ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.