பத்தாம் நம்பர் ஸ்பேனா

எங்கள் காடியில் சூட்டைக் காட்ட முள் கிடையாது.
காலையில் நீல விளக்கு, இன்னும் குளிர்ந்திருக்கிறேன் என்று.
அது அணைந்தபின் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதற்கு அடுத்தது சிவப்பு.

சிவப்பு எரிந்தது செவ்வாய்க்கிழமை,
லாபிஸிலிருந்து சாஆ போகும் சாலையில்,
செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால்.
ஓரங்கட்டி, பானெட்டைத் தொடாமல்
முக்கால் மணி நேரம் நின்றேன்.
வீட்டுக்குப் போன் செய்யவில்லை.
பேச்சு நின்று அன்றோடு நாலு நாள்.

பட்டறையில் அறுநூற்றெண்பது கேட்டார்கள்.
இருந்திருக்கும்,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
தம்பிக்கு நாலாயிரம் தூக்கிக் கொடுக்காதிருந்தால்.
குமணன் என்று அவருக்குப் பேர் வைத்தவர்களைச் சொல்லவேண்டும்.
தலையையும் கேட்டால் கொடுப்பார்.

பம்பு மட்டும் என்றால் நூற்றறுபது.
கையிலெடுத்தால் ஒரு தேங்காய் மூடி அளவு.

ஞாயிறு காலை ஸ்டாண்ட் வைத்து,
வலது முன்சக்கரத்தைக் கழற்றி,
அரிசி மூட்டை அட்டையை விரித்துப் படுத்தேன்.
இந்தக் காலத்துக் காடிகளை வரைகிறவர்களுக்குக்
கை கிடையாது போலும்.
எஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவே நாலு விரல் இடம்.
ஐந்தாவதன் தோல் உரிந்தது.

கூலண்டை ஐஸ்கிரீம் டப்பாவில் இறக்கினேன்.
கல்யாண வீட்டுச் சிராப் நிறம்.
பக்கத்து வீட்டு ரொஹானியின் பூனை வந்து மோந்தது.
இனிக்குமாம், கொல்லுமாம்.
செருப்பை எறிந்தேன்.

பெல்ட்டைத் தளர்த்துமுன்
புல்லியின் நாலு போல்ட்டையும் அசைத்துவிடவேண்டும்.
பிறகென்றால் அது சும்மா சுற்றும், பிடி கொடுக்காது.
இது எனக்குத் தெரிந்தது பிறகு.

திட்டிக்கொண்டே தலை திருப்பினால்
சிமெண்டுத் தரையில் இரண்டு கால்கள்.
எவ்வளவு நேரமாய் நிற்கின்றனவோ.
ஒரு திருப்புளி மேலிருந்து இறங்கிப்
புல்லியை அசையாமல் பிடித்தது.

"பத்து," என்றேன்.
பத்து வந்தது.
"பன்னெண்டு."
"லைட்டு. மேல. இன்னும் மேல."
"எந்தப் பக்கம்?"
"ஒங்க பக்கம்."
ஒன்பது நாளில் இதுவே அதிகம்,
பாதி எண்கள்தான் என்றாலும்.

பழைய பம்பை வெளியே எடுத்துக் கவிழ்த்தேன்.
அடிவயிற்றில் கடுகளவு ஓட்டை.
அதிலிருந்து காய்ந்துபோன ரோஸ் கோடு.
பழுதில்லை அது. உள்ளே சீல் தேய்ந்தால்
வெளியே தெரியட்டும் என்று
கம்பெனிக்காரனே போட்டு அனுப்பிய ஓட்டை.
மாதக்கணக்கில் ஒழுகியிருக்கிறது.
நாங்கள் யாரும் குனியவில்லை.

குமணன் அதைக் கட்டைவிரலால் மூடினார். எடுத்தார். மூடினார்.
"தம்பி விஷயம்…"
"மொதல்ல அந்த கேஸ்கெட்டைச் சுரண்டுங்க."

சுரண்டினார்.
கீறல் விழாமல், பிளாஸ்டிக் ஓரத்தால்,
அலுமினியத்தைப் பார்த்தபடியே சொன்னார்:
"அவனுக்கு வேலை போச்சு. மார்ச்லயே.
வீட்டுல இன்னும் சொல்லல.
காலைல கெளம்பி எங்கயோ போய் ஒக்காந்துட்டு வர்றான்."

புதியதை வைத்து
எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.
ஒரு பக்கமே இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.
"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்," என்றேன்,
காடிக்கடியிலிருந்து,
முகம் தெரியாத வசதியில்.

மூன்று மணிக்கு மழை இருட்டியது.
ஆலை வாடை தெருவுக்குள் இறங்கியது.
கழுத்துவரை ஊற்றி, மூடாமல் ஓடவிட்டோம்.
குமிழ் வந்தது. மட்டம் இறங்கியது. ஊற்றினார்.
குமிழ் வந்தது. ஊற்றினார்.

நீலம் அணைந்தது.
பிறகு அந்த ஒன்றுமில்லை.
இருவரும் குனிந்து
ஒன்றுமில்லையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கடைசியில் விசிறி தடதடத்து எழுந்தபோது
பூனைதான் முதலில் ஓடியது.

சாமான்களை அள்ளும்போது
தட்டில் ஒரு போல்ட் மிச்சம். பத்தாம் நம்பர்.
"எங்கேருந்து?"
"தெரியல."
துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாளை ஏழு மணிக்கு எனக்கு ஷிப்ட்.
"பின்னாலயே மோட்டார்ல வர்றேன்," என்றார்,
"சாஆ வரைக்கும்."