பதினேழாம் பொந்து

சுவரைத் தட்டினால் தெரியும்.
கால்மரம் இருக்குமிடம் தொக்,
இல்லாத இடம் தொம்.
அந்தத் தொம்மில்தான் என் சம்பளம்.

ஹேன்காக் மேட்டில் ஏரியைப் பார்த்த வீடு.
செம்புச் சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்தது.
சுரங்கம் மூடிவிட்டது; வீடு இன்னும் மூடவில்லை,
காற்று நினைத்த பக்கம் வரும், போகும்.
மார்லிஸ் கெத்துனன், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
எண்ணெய் பில்லை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்:
"இதுல பாதி, ஏரியைச் சூடாக்கினதுக்கு."

வெளிப்பலகை ஒரு வரிசை கழற்றி
பொந்துக்கு ஒரு துளை, இரண்டங்குலம்.
லைல் வண்டியில் பம்பைப் பார்த்துக்கொள்வான்,
நான் குழாயை நுழைத்து எண்ணத் தொடங்குவேன்.
நல்ல பொந்து நாற்பதுக்குள் நிறையும்.
துளை வாயில் வெள்ளையாய் எட்டிப் பார்க்கும் நுரை,
விரலால் வழித்துவிட்டு அடுத்தது.
டிரில் முனையில் சுற்றிக்கொண்டு வந்தன
ஃபின்னிஷ் எழுத்தில் பழைய செய்தித்தாள்,
எலி விட்டுப்போன கம்பளி,
எதற்கென்று தெரியாத ஒரு சிவப்பு நூல்.

பதினொன்றாவது நிறையவில்லை.
ஐம்பது. எழுபது. நூற்றிப் பத்து.
வயிற்றில் புளி கரைத்தது.
போன வருஷம் ஒரு வீட்டில்
பியானோவுக்குள் நுரை அடித்தவன் நான்.
"நிறுத்து" என்று லைலுக்குக் கத்தும்போதே
உள்ளேயிருந்து அவள் குரல்: "இங்க வந்து பாரு."

குளியலறை. கண்ணாடி அலமாரி.
அதன் பின்தகட்டில் உண்டியல் வாய் போல ஒரு கீற்று:
தேய்ந்த பிளேடைப் போட அந்தக் காலத்து வசதி.
போட்டால் சுவருக்குள் விழும், அவ்வளவுதான்,
எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.
இப்போது அந்த வாயிலிருந்து
சவர நுரை போலவே பிதுங்கி வந்தது என் நுரை,
துருப்பிடித்த பிளேடுகளைச் சுமந்துகொண்டு.
ஒவ்வொன்றாய் வாஷ்பேசினில் விழுந்தன.
டிங்.
டிங்.

அவள் சிரித்தாள். முதலில் சிரிப்புதான்.
பிறகு டப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
"சுரங்கம் மூடினது எங்கப்பா
ஏழு மாசம் எங்ககிட்ட சொல்லலை.
தினம் அஞ்சு மணிக்கு மழிச்சிட்டு,
சாப்பாட்டு டப்பாவோட கிளம்பிடுவார்.
எங்க போனார்னு இன்னும் தெரியாது."
எதைச் சொல்வது? துணி கேட்டேன்.
நுரை காய்ந்தால் பீங்கானில் பிடித்துக்கொள்ளும்.

டிசம்பரில் சோதனைக்குப் போனேன்,
கையில் வெப்பக் கேமரா.
அறை அறையாய்ச் சுவர்கள் மஞ்சளித்துக் கிடந்தன,
எங்களுக்கே பெருமையாக இருந்தது.
அவள் கட்டிலின் தலைமாட்டில் மட்டும்
தரையிலிருந்து கூரைவரை ஒரு நீலப் பட்டை.
பதினேழு.
அந்த பிளேடுகளுக்குப் பின் எண்ணிக்கையில் தப்பியிருக்கிறேன்.
"அஞ்சு நிமிஷ வேலை, குழாய் வண்டியிலதான் இருக்கு."

"வேண்டாம்."

மூன்று வாரமாக வீடு பஞ்சுக்குள் வைத்தது போலாம்.
ஒரு நாள் தூங்கிப்போய்,
நாற்பது பிள்ளைகள் பனியில் நின்றார்களாம்.
"நாலு மணிக்குப் பனி வாருற வண்டி வரும்.
ஒரு தடவை போனா லேசான பனி.
திரும்பியும் வந்தா சங்கிலி மாட்டணும்.
வரவே இல்லைன்னா படுத்துக்கலாம்.
இந்த இடம் வழியாத்தான் அது கேக்குது."

படிவத்தில் ஒரு கட்டம்: விடுபட்ட பொந்துகள்.
பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு
சுழியம் போட்டேன்.

அவள் காபி வைக்கப் போனபோது
உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தேன்.
ஜில்லென்றது.
காதையும் வைத்தேன்.
தூரத்தில் யாரோ
இரும்பைத் தரையோடு இழுத்துக்கொண்டு
மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.