இதர

'கள அலுவலர் குறிப்பு' என்ற கட்டத்தில்
இருநூறு எழுத்துக்கு மேல் ஏறாது.
அதனால் இங்கே எழுதுகிறேன்.

தேவகோட்டை. ராம் நகர் தாண்டி
பூட்டிய பெரிய வீடொன்றின் பின்பக்கக் கார் ஷெட்.
வாடகை ஆயிரத்து எண்ணூறு.
உள்ளே கார் இல்லை. தெர்மாகோல் பெட்டிகள் பதினாறு,
ஒரு தராசு, புதிதாக மாட்டிய மின் மீட்டர்.
விண்ணப்பதாரர் ஜெசிந்தா, வயது முப்பத்தெட்டு.
கேட்கும் தொகை மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
எதற்கு? ஐஸ் மெஷின். பழையது.
தொண்டியில் ஒருவர் கைமாற்றுகிறார்.

"ஐஸ் காரைக்குடியிலேர்ந்து வருது சார்.
அம்பது கிலோ கட்டி. இறக்கி உடைக்கும்போது நாப்பது.
பத்து கிலோவை ரோடு குடிச்சிருது,
அதுக்கும் நான்தான் காசு குடுக்குறேன்."
மாதத்துக்கு எவ்வளவு என்று கால்குலேட்டரில் போட்டேன்.
அவர் வாயால் சொன்னதே வந்தது.

ஸ்கூட்டியில் ஊர் ஊராக மீன் விற்கிற பதினொரு பேர்
இவரிடம் ஐஸ் வாங்குகிறார்கள்.
நிறுக்கையில் முதல் கிலோவுக்கு ஒன்று என்பதில்லை, லாபம் என்கிறார்.
அடுத்தது இரண்டு.

வட்டியைக் குறைக்கக் கேட்பார் என்று
தயாராகப் போயிருந்தேன்.
முடியாது என்பதற்கு என்னிடம் மூன்று வாக்கியங்கள் உண்டு.
அவர் கேட்கவேயில்லை.
சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினார்.

"சித்திரை பொறந்தா அறுபத்தொரு நாள்
விசைப்படகு கடலுக்குப் போகாது.
புரட்டாசியில பாதி ஊரு மீனைத் தொடாது.
அந்த மூணு மாசம் தவணை வேணாம்.
மத்த ஒம்பது மாசத்துல சேத்துப் புடிச்சுக்குங்க.
ஒத்த ரூவா கொறைக்க வேணாம்."

கோடையில் ஜூஸ் கடைக்காரர்கள் வாங்குவார்களே, என்றேன்
கெட்டிக்காரத்தனமாக.
"அது குடிக்கிற ஐஸ் சார். வேற தண்ணி, வேற சர்ட்டிபிகேட்.
அது அடுத்த லோன்."

கிளையில் இருக்கும் கணினி
பன்னிரண்டு மாதத்தையும் ஒரே உயரத்தில் அறுத்து வைத்திருக்கிறது,
செங்கல் மாதிரி.
ஐந்தாம் தேதி கடல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா,
அதற்குத் தெரியாது.
தவறினால் ஸ்கோர் இறங்கும்.
இறங்கியவரைத் தேடி ஏலக்காரர் வருவார்:
முன்பணம் இந்தா, இனி மீனை
என்னிடமே எடு, என் விலைக்கே எடு.
அந்தக் கடனுக்கு விண்ணப்பம் கிடையாது.
முடிவும் கிடையாது.

வண்டியை எடுக்கும்போது
அந்தப் பெரிய வீட்டை அண்ணாந்து பார்த்தேன்.
இதைக் கட்டிய பணம்
ஐராவதிக் கரையில் நெல் விளையும்வரை காத்திருந்த பணம்.
அறுப்புக்கு முன்னால் கேட்கக் கூடாதென்று
அந்தப் பேரேட்டுக்குத் தெரிந்திருந்தது.
நெல் விலை விழுந்ததும்
வயலையே எழுதி வாங்கியதும் அதே பேரேடுதான்.
இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?
எங்கள் ஐந்து நாள் பயிற்சியில்
இரண்டுமே இல்லை.

நேற்றிரவு ஒன்பதரைக்கு
பயிர்க்கடன் பக்கத்தைத் திறந்தேன்.
அங்கே மட்டும்தான் அறுவடை என்றொரு சொல் இருக்கிறது,
அதுவரை பொறுக்கிற வழியும்.
பயிரின் பெயர்?
நெல், கரும்பு, மிளகாய், நிலக்கடலை, பருத்தி.
ஐஸ் இல்லை.
கடைசியில் 'இதர'.
அழுத்தினேன்.

பரப்பளவு ஏக்கரில். கட்டாயம் நிரப்பவும்.
பன்னிரண்டுக்கு இருபதடி ஷெட்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஐந்து ஐந்து.
ஏற்றுக்கொண்டது!
சிரிப்பு வந்தது, பிறகு வயிறு கலங்கியது.
மேலாளர் திங்கட்கிழமை பார்ப்பார்.
கூப்பிடுவார். என்ன சொல்வதென்று
கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.
இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்பதுபோலவே வந்தது.

காலையில் ஜெசிந்தா போன் செய்தார்.
"மெஷினை இன்னொருத்தர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு சார்.
சனிக்கிழமை வரைக்கும்தான் வைப்பாங்களாம்."

இன்று வியாழன்.
காரைக்குடிக் கட்டி இந்நேரம்
தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டியிருக்கும்,
சொட்டிக்கொண்டே.